பாஸ் வைத்த பக்கம்

டிசம்பர் 27

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வருஷ ஆரம்பத்தில் போட்ட பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நாவல்கள். அதில் நாலுதான் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வாசித்து முடித்தது பதினேழு. பாக்கிப் பதின்மூன்றும் எங்கிருந்தோ குறுக்கே புகுந்தவை. ஒரு நாவல் முடிகிறபோது அதுவே அடுத்ததைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறது. பட்டியல் பேச்சை யார் கேட்கிறார்கள்?

இப்போது கையில் இருப்பது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். 2019இல் அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்த சூட்டோடு வாங்கி, சூடு ஆறியதும் அலமாரியில் வைத்தது. நேற்று ராத்திரி சும்மா புரட்டப் போய் நாற்பது பக்கம் ஓடிவிட்டது.

டிசம்பர் 29

‘வெக்கை’ முடிந்தது. படத்தை மனசிலிருந்து கழற்றி வைக்கவே முதல் இரண்டு அத்தியாயம் ஆனது. படத்தில் அப்பாவின் பழைய கதை பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாவல் பையனுடையது. சிதம்பரத்துக்கு வயசு பதினைந்து. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் கிளம்புகிறான். வெட்டு கையோடு நிற்கவில்லை, ஆள் போய்விட்டான். இவ்வளவும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

அப்புறம் எட்டு நாள். அய்யாவும் மகனும் காடு, மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். கொலையைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், இன்று எங்கே படுப்பது, வீட்டில் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள், இதுதான் பேச்சு. ஒரு சிறுவன் கொலைகாரனாகவும் சிறுவனாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறான். மரத்தைப் பார்த்தால் ஏறத் தோன்றுகிற வயசு அவனுக்கு. ஆசிரியர் எந்த இடத்திலும் நமக்காக அழவில்லை. அதனாலேயே எனக்கு இரண்டு முறை தொண்டை அடைத்தது.

பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: “ரத்தத்தை முன்னாலேயே கொட்டிவிட்டார். இனி என்ன பயம்?” பயம் இருக்கத்தான் செய்கிறது. செத்தவனைப் பற்றியல்ல, பையனைப் பற்றி.

ஜனவரி 2

‘புயலிலே ஒரு தோணி’. மூன்றாவது முயற்சி. மூன்றாவது தோல்வி. ப. சிங்காரம் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்தான், அதில் இது தமிழின் உச்சம் என்று நான் மதிக்கிற வாசகர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் கதை நடக்கிற இந்தோனேசியாவின் மேடான் நகரத்துத் தெருவைத் தாண்ட முடியவில்லை. குறை நாவலில் இருக்க வாய்ப்பில்லை. மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைப் பேச்சும் கலந்து வரும் அந்த நடைக்கு என் காது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். மேலே எடுத்து வைத்தாயிற்று.

ஜனவரி 5

இந்தத் தேதி வந்தால் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஞாபகம் வராமல் இருக்காது. 1960 ஜனவரி 4இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்தார். மறுநாள் ஜே.ஜே. என்கிற ஜோசஃப் ஜேம்ஸ் இறந்ததாகச் சொல்லித்தான் சுந்தர ராமசாமி நாவலைத் தொடங்குகிறார். ஒரு நிஜச் சாவின் பக்கத்தில் ஒரு கற்பனைச் சாவைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துவிட்டார். கல்லூரி நாளில் முதல் தடவை வாசித்தபோது ஜே.ஜே. என்று ஒரு மலையாள எழுத்தாளர் நிஜமாகவே இருந்தார் என்று நம்பி, நூலகத்தில் அவர் புத்தகம் கேட்டேன். நூலகர் கேட்லாக்கை ரொம்பப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். அந்த மனுஷருக்கு இன்றைக்கும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்றைக்கு முதல் அத்தியாயம் மட்டும் திரும்ப வாசித்தேன். 1981இல் வந்தபோது இதன் வடிவத்தைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். எனக்கு இப்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் பின்பாதியில் வருகிற ஜே.ஜே.யின் நாட்குறிப்பு உறுத்தவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறவன் கெட்டிக்காரத்தனம் காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. (இதை எழுதுகிற எனக்கும் அந்தச் சலுகை உண்டு.)

ஜனவரி 10

‘வெக்கை’ திணித்துவிட்டுப் போனது ‘18வது அட்சக்கோடு’. இதிலும் ஒரு பையன்தான். ஆனால் அசோகமித்திரன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறார்.

சந்திரசேகரன் செகந்திராபாத்தில் ரயில்வேக்காரர் மகன். சைக்கிள் மிதிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். சுற்றிலும் சுதந்திரம், ஹைதராபாத் நிஜாம், அவர் பக்கம் நின்ற ஆயுதப்படையான ரஜாக்கர்கள், அகதிகள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருவது என்று சரித்திரம் நடந்துகொண்டிருக்கிறது. இவனுக்குத் தன் டீமில் தனக்கு இடம் உண்டா என்ற கவலை. நூறு பக்கம் போனதும் எனக்கே சலிப்புத் தட்டியது, என்னதான் நடக்கப் போகிறது என்று.

அந்தச் சலிப்பை அவர் வேண்டுமென்றே வளர்த்திருக்கிறார் என்று கடைசிச் சில பக்கங்களில்தான் தெரிந்தது. கலவர ராத்திரியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் அங்கே செய்யத் துணிகிற காரியத்தைப் பார்க்கிறான். ஓடுகிறான். நாவல் முடிந்துவிட்டது. ஆறுதலாக ஒரு பாரா கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சொன்னாலும் வாசிக்கிறபோது அது அப்படியேதான் அடிக்கும்.

பூமணி முதலில் வைத்ததை இவர் கடைசியில் வைத்திருக்கிறார். எதை எழுதினார் என்று மட்டும் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவன் நான். எங்கே வைத்தார் என்று பார்க்க இந்த இரண்டும் அடுத்தடுத்து வரவேண்டியிருந்தது.

ஜனவரி 18

‘பிறகு’ தேடிக்கொண்டிருந்தேன், பூமணியின் முதல் நாவல். மேல்தட்டில் கைவிட்டபோது ‘ஆரோக்கிய நிகேதனம்’ விழுந்தது. விழுந்ததில் உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் அட்டை எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரி பாஸ். நோயாளியுடன் இருப்பவருக்குக் கொடுப்பது. அப்பா பெயர், படுக்கை எண், நாலாம் நாள் மை கலைந்து நான் மேலே திரும்ப எழுதியது. கடைசியில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, கேட்கவுமில்லை.

பதினோரு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தபோது கையிலிருந்த புத்தகம் இது. வாசித்தேன் என்று சொல்ல முடியாது, பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் அட்டையைப் படித்துவிட்டு, “என்ன தம்பி, உடம்பு நல்லா இருக்க வழி சொல்லியிருக்கானா?” என்றார்.

“இல்லீங்கய்யா, கதை.”

“கதையா...” என்று இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எப்படி முடியுது?”

“இன்னும் முடிக்கலைங்க.”

இரண்டு நாள் கழித்து அவர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் மனைவியை வார்டுக்கு மாற்றினார்களா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரி 19

‘பிறகு’ பிறகுதான். ‘ஆரோக்கிய நிகேதனம்’ ஆரம்பத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.

ஜனவரி 26

தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளியில் எழுதியது. தமிழில் த. நா. குமாரஸ்வாமி. மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வராத தமிழ். சில இடங்களில் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கிறது, கிழவைத்தியர் கதைக்கு அது பொருந்தித்தான் போகிறது.

ஜீவன் மஷாய் பரம்பரை வைத்தியர். நாடி பிடித்தால் இந்த ஆள் இன்னும் எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லியும்விடுவார். ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் பிரத்யோத்துக்கு இது அடாத காரியம். ஆளைப் பிழைக்க வைக்கப் பார்க்காமல் நாள் குறிக்கிறாரே என்று கொதிக்கிறான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் முழுக்க பிரத்யோத் பக்கம். வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் வேறு யார் பக்கம் இருப்பான்?

பாஸ் இருந்த பக்கத்தைப் புதன்கிழமை தாண்டினேன். அதற்குக் கொஞ்சம் அப்புறம்தான் மகன் பகுதி இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வனவிஹாரியின் நாடியைப் பார்க்கிறார் மஷாய். ஊர்க்காரர்களுக்குப் பார்த்த அதே விரல்கள். தெரிந்துவிடுகிறது. மகன் என்பதற்காக நாடி பொய் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. மனைவி அதை ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்பதாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன டாக்டர், பேசும்போது கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இளவயசுதான். வெகுநாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

பூமணிக்கு முதல் பக்கம், அசோகமித்திரனுக்குக் கடைசிப் பக்கம். தாராசங்கருக்கு அந்தக் கணக்கே இல்லை. சாவு இந்த நாவலில் வீட்டு ஆள் மாதிரி வந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஜனவரி 31

முடித்தாயிற்று. கடைசியில் மஷாய் தன் சாவையே நாடி பிடித்துப் பார்க்கிறவர் போலக் காத்திருக்கிறார். அது எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள ஒரு வைத்தியனுக்கு இருக்கிற ஆசையோடு. பயமும் இருக்கிறது, ஆசிரியர் மறைக்கவில்லை. நடுவில் சில அத்தியாயங்கள் நீளம்தான். பழைய காதல் கதையை இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம். ஆனால் அந்தப் பழைய காதலி மஞ்சரியே கண் தெரியாத கிழவியாகத் திரும்பி வருகிற இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ராத்திரி அக்காவிடம் பேசினேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’ அவளிடம் இருக்கிறது. 2020 சாகித்ய அகாதெமி வாங்கியது. தீக்காய வார்டு வாசலில் காத்திருக்கிறவர்களின் கதை என்பதால் நான்தான் வேண்டாம் என்று அவளிடமே விட்டுவைத்திருந்தேன்.

“கொண்டு வரவாடா?”

“கொண்டா.”

“அழுவே.”

“சரிக்கா, கொண்டா.”

புதன்கிழமை வருகிறாளாம். அதுவரைக்கும் ‘பிறகு’.