நிறை, உயரம், வயிற்றுச் சுற்று: கிளிநொச்சியில் ஒரு கிளினிக் காலை

35 வயது தாண்டியவர்கள் தொற்றா நோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று எங்கள் பகுதி மருத்துவமாது கண்ட இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாடசாலை விடுமுறை விட்டதும் என் கணவர் இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வெறுவயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வயலுக்குப் போய்ப் பழகிய மனிதரைத் தேத்தண்ணி இல்லாமல் வெளிக்கிடப் பண்ணியதுதான் அன்றைக்குப் பெரும்பாடு.

முதலில் உயரம். செருப்பைக் கழற்றி, குதிக்கால் சுவரில் முட்ட, பார்வை நேரே இருக்க நிற்க வேண்டும். கொண்டையையும் அவிழ்க்கச் சொன்னார்கள். நியாயம்தான், அது உயரத்தைக் கூட்டிக் காட்டிவிடும். எனக்கு 155 சென்ரிமீற்றர், 57 கிலோ. நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி: 23.7. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25இலிருந்துதான் அதிக நிறை, 30இலிருந்து உடற்பருமன். ஆனால் ஆசிய உடம்புகளில் குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வரப் பார்ப்பதால், எங்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டுமாம்.

அப்புறம் வயிற்றுச் சுற்று. இதற்குச் சேலையோடு போகாதீர்கள். திரைக்குப் பின்னால் கொசுவத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். பாவாடை நாடா தழும்பு போட்ட இடம்தான் இடுப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். நேர்ஸ் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடைசி விலா எலும்பை விரலால் தேடிப் பிடித்தார், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி. அந்த மட்டத்தில் நாடாவைச் சுற்றிவிட்டு, முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். “எக்காதேங்கோ ரீச்சர், மூச்சைச் சாதாரணமா விடுங்கோ.” விட்டேன். 86. தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90.

இவருக்கு நேர்மாறு. 168 சென்ரிமீற்றர், 72 கிலோ, சுட்டி 25.5. என்னைவிட மோசம் என்றுதானே தோன்றும்? வயிற்றுச் சுற்று 82தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்து, நெல் மூட்டை தூக்கித் திரண்ட உடம்பு. தசை எது, கொழுப்பு எது என்று தராசுக்குத் தெரியாது. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்புத்தான் கூடுதல் கெடுதல். அதைக் கொஞ்சமாவது காட்டிக்கொடுப்பது நாடாதான்.

2009இல் முகாமில் இருந்தபோது பிள்ளைகளின் மேற்கையில் நிற நாடா சுற்றிப் பார்ப்பார்கள். 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு, கடும் போசாக்கின்மை. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் “நல்லா உடம்பு வைச்சிட்டாய்” என்று வாயாரச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மாமியும் அப்படித்தான் சொல்வா.

நாடா இல்லாத வீட்டுக்கும் நேர்ஸ் ஒரு வழி சொன்னார். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். நுனிகள் முட்டாவிட்டால், வயிறு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. எனக்கு 77.5க்குள் இருக்க வேண்டியது. கயிறு முட்டவேயில்லை; இவருக்கு முட்டியது.

இரத்தத்தில் சீனி பார்த்ததில் எனக்கு டெசிலீற்றருக்கு 108 மில்லிகிராம். வெறுவயிற்றில் 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. இவருக்குப் பிரச்சினை இல்லை. நாடா அளவை வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை, யாரைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்கத்தான் அது என்றார் டொக்டர். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டவும், தினமும் நடக்கவும், சில மாதம் கழித்துத் திரும்ப வரவும் சொன்னார்.

பாடசாலை தொடங்கியதும் ஆசிரியர் அறையில் தையல் நாடா ஒன்று கைமாறத் தொடங்கிவிட்டது. கர்ப்பமாயிருக்கும் ரீச்சரை மட்டும் விட்டுவிட்டோம். அவவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான், அவர்களுக்கு வயதோடு சேர்த்துப் பார்க்கும் வரைபடம் தனியாக உண்டு.