முனைவர் பட்டத்துக்குப் பிறகு: கடலூர் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

என்னிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில வேலைக்குத்தான் ஆகும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்று (பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர் என்பதற்கான சான்று) வேண்டும், அதுவும் இந்த நிதியாண்டில் வாங்கியதாக. இ-சேவை மையத்தில் போட்டாயிற்று. வி.ஏ.ஓ. முடித்துவிட்டார், ஆர்.ஐ. மேஜையில் நிற்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

சான்று வந்துவிட்டது. இன்று முழுக்க சமர்த் என்ற இணையதளத்தில் விண்ணப்பம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்பதற்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் ஓர் அட்டவணை உண்டு. இளநிலைக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதியோடு தேறியிருந்தால் 7, வெறும் நெட்டுக்கு 5, மாநிலத் தகுதித் தேர்வான செட்டுக்கு 3. கட்டுரை ஒன்றுக்கு 2, ஆனால் 10க்கு மேல் கிடையாது.

பி.எஸ்சி.யில் நான் 79.4 சதவீதம். 80 இருந்தால் 15, இல்லையென்றால் 13. பத்தொன்பது வயதில் ஏதோ ஒரு செமஸ்டரில் விட்டது இன்றைக்கு இரண்டு மதிப்பெண்ணைத் தின்கிறது. முனைவர் பட்டத்துக்காகப் பிச்சாவரத்தில் முழங்கால் சேற்றில் நின்று நண்டு வளை எண்ணியதற்கெல்லாம் சேர்த்து 30. ஆறாவது கட்டுரைக்குப் பூஜ்யம்; அதற்குத்தான் திருத்தம் திருத்தமாக எழுதிக் கண் வீங்கியது.

ஜூலை 12, வெள்ளி

அழைப்பு வந்துவிட்டது. அப்பா ரயில் டிக்கெட் பார்க்கிறார்.

ஜூலை 24, புதன்

வடக்கே ஒரு பல்கலைக்கழகம். காலை ஒன்பதுக்கு அசல் சான்றிதழ் சரிபார்ப்பு, நாலரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் இருந்திருப்பேன். சதுப்புநிலத்தில் நண்டு வளை தோண்டுவதால் காற்று மண்ணுக்குள் இறங்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, "ஊர்ப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறதே, இவ்வளவு தூரம் ஏன்?" என்றார் ஒருவர். அங்கே என் துறையில் இப்போது விளம்பரம் இல்லை என்றேன். சிரித்தார்கள். மேஜையில் முந்திரித் தட்டு, பாதிக்கு மேல் உடைசல். பண்ருட்டிப் பக்கம் வளர்ந்த கண் அதைத்தான் முதலில் பார்க்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முடிவு வந்தது: தகுதியானவர் எவருமில்லை. ஆங்கிலத்தில் 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்', என்எஃப்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

எனக்குக் கிடைக்காதது கூடப் பரவாயில்லை. அட்டவணை மதிப்பெண் அழைப்பதற்கு மட்டும்தான், தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து என்று அதே விதிமுறை சொல்கிறது. அதாவது வாசல் வரைக்கும் புள்ளி புள்ளியாகக் கணக்கு, உள்ளே போனதும் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்து. அங்கே எதற்கு எத்தனை போட்டார்கள் என்று எங்களில் யாருக்கும் சொல்லவில்லை. என்னோடு காத்திருந்தவர்களில் ஒருவர் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு, முடித்து வந்தவர். அவரும் தகுதியில்லையாம். சரி.

அப்புறம், கடலூரிலேயே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலைக்குக் கேட்டார்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019இல் சொன்னது. இவர்கள் சொன்ன தொகையை அம்மாவிடம் கூட இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள், முதல் வகுப்பு ஓட்டுடலிகள்.