ஐந்தாவது தகுதி

என் கீழ் வேலைபார்க்கும் நர்ஸ் ஒருத்தியை அன்று வார்டிலிருந்து வெளியே அனுப்பியது சரிதான் என்று இன்றும் வாதிடுவேன். மார்ஃபின் கொடுக்கும் நேரம். பெரியவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். அவளோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். “போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா” என்றேன். குரலை உயர்த்தவில்லை. கதவருகே நின்று திரும்பிக் கேட்டாள்: “உங்களுக்கு இரக்கமே வராதா, சிஸ்டர்?”

பதில் சொல்ல நேரமில்லை. ஆனால் என்னிடம் பதில் இருந்தது. தியான வகுப்புக்குப் போகத் தொடங்கியபின் விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலைக் கொஞ்சம் படித்திருந்தேன். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதியது. கருணைக்கு இரண்டு பகைகள் உண்டு என்கிறார் அவர். தொலைவில் நிற்கும் பகை கொடுமை. அதை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அருகில் நிற்கும் பகை துயரம். பார்வைக்குக் கருணையைப் போலவே இருப்பதால் தடையின்றி உள்ளே வந்துவிடும். கொடுமை அடங்கினால் கருணை வென்றது, சோகம் பிறந்தால் தோற்றது என்பது அவர் கணக்கு. அவள் அழுகை எந்தப் பக்கம் என்பதில் எனக்கு அன்று சந்தேகமே இல்லை. அழுகிறவரின் கை நடுங்கும். நடுங்கும் கையால் ஊசி போட முடியாது.

ஆனால் அதே நூல் உபேட்சையையும், அதாவது சமநிலையையும், விட்டுவைக்கவில்லை. அறியாமையில் விளையும் அசட்டைதான் அதன் அருகிருக்கும் பகை. அவளை அளந்த கோல் என்னையும் அளக்கும். அன்று என் கை நடுங்காததற்குக் காரணம் பயிற்சியா, பழக்கமா? இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகு இரண்டையும் பிரித்தறிய எனக்கு வழியில்லை.

வலி தணிந்ததும் பெரியவர் கண்விழித்தார். “அழுதாளே, அந்தப் பெண் எங்கே?” என்றார். மருந்து கொடுத்தவளை அவர் தேடவில்லை. வலி தணிந்ததால்தான் அவளைத் தேட முடிந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனாலும் ஆறவில்லை.

பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க நூலான விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுநோய் கண்ட ஒரு துறவி தன் கழிவிலேயே கிடக்கிறார். கவனிக்க யாரும் இல்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிடுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். இருவரில் யாரும் கண்ணீர் விட்டதாக அதில் இல்லை. இது எனக்குச் சாதகமான சாட்சி என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். அதையடுத்து, நோயாளியைப் பேணுகிறவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிய வேண்டும், ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும், மலம், எச்சில், வாந்தி கண்டு முகம் சுளிக்கக் கூடாது, அவ்வப்போது அறமொழி பேசி நோயாளியின் மனத்தை மகிழ்விக்க வேண்டும்.

முதல் இரண்டிலும் நான்காவதிலும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவதைச் சம்பளம் வாங்குகிறவள் எப்படி எடுத்துக்கொள்வது என்பது தனி வழக்கு. ஐந்தாவதில் மாட்டிக்கொள்கிறேன். அந்தப் பெரியவரிடம் நான் பேசியதெல்லாம் வலி எவ்வளவு, மலம் கழித்தீர்களா, தண்ணீர் வேண்டுமா என்பதுதான். அவளோ அவர் பேரனின் பெயர்வரை தெரிந்துவைத்திருந்தாள். அதனால்தான் அழுதாளோ என்னவோ.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த டியூட்டி பட்டியல் போடும்போது அவளை அதே வார்டில்தான் போட்டேன். ஏன் என்று கேட்டால், ஆள் பற்றாக்குறை என்பேன்.