கையடக்க சைக்கிள் பம்பு: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் காற்றடிப்பது

சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவர்கள் மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், டயர் லீவர் ஆகியவற்றோடு ஒரு சிறிய கைப்பம்பையும் எடுத்துச் செல்வது வழக்கம். முதல் மூன்றையும் வாங்குவதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. பம்பு வாங்கும்போதுதான் பலர் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். 120 பிஎஸ்ஐ, 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்றெல்லாம் போட்டிருக்கும் அந்த எண், பம்பின் உருளையும், காற்று கசியாமல் அடைக்கும் வாஷர் வளையமும் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் கை அந்த அழுத்தம் வரை தண்டைத் தள்ளுமா, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. அவற்றைத் தீர்மானிப்பவை உருளையின் உள்விட்டமும், தண்டு ஒருமுறை போய்வரும் நீளமும். இந்த இரண்டு அளவுகளையும் தன் சைக்கிளின் டயரோடு பொருத்திப் பார்த்து வாங்கியவருக்குச் சாலையோரத்தில் ஏமாற்றம் நேர்வது அரிது.

முதலில் விட்டம். தண்டைத் தள்ளும்போது கைக்கு எதிராக நிற்கும் விசை என்பது, டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் கிடைப்பது. டயரில் ஏற்கெனவே 6 பார், அதாவது ஏறத்தாழ 87 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 15 மில்லிமீட்டராக உள்ள பம்பில் தண்டை முழுவதும் தள்ளக் கிட்டத்தட்ட 11 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். 20 மில்லிமீட்டர் என்றால் அது 19 கிலோவாகும். 25 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோவாகிவிடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் 10 மில்லிமீட்டர் வேறுபாடு கைக்கு ஏறக்குறைய மூன்று மடங்குச் சுமையாக வந்து சேருகிறது. கடையில் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்போது எதிரே டயர் இல்லை.

அப்படியானால் ஒல்லியான பம்பே நல்லது என்று தோன்றலாம். அதற்கான விலையைக் காற்றின் கன அளவில் கொடுக்க வேண்டியிருக்கிறது. 15 மில்லிமீட்டர் உள்விட்டமும் 150 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை ஒரு முறைக்கு வெறும் 26 கன சென்டிமீட்டர் காற்றைத்தான் தள்ளும். 700×25 அளவுள்ள ஒல்லியான சாலை டயரின் உட்புறம் ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். அதை 6 பார் வரை நிரப்ப வெளியிலிருந்து 6 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். ஒரு சொட்டுக் காற்றுகூட வீணாகவில்லை என்றாலும் 230 தடவை அடிக்க வேண்டும் என்பது இதன் பொருள். நடைமுறையில் அதற்கும் மேலே போகும். சலிப்பான வேலைதான், ஆனாலும் முடித்துவிடலாம். அதே பம்பை 29×2.3 அளவுள்ள மலைச்சைக்கிள் டயருக்குப் பயன்படுத்தினால் நிலைமை வேறு. அந்த டயர் ஐந்தரை லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். 2 பார் அழுத்தத்துக்கே 11 லிட்டர் காற்று வேண்டும் என்பதால் நானூறு தடவைக்கு மேல் அடிக்க நேரும். 25 மில்லிமீட்டர் உள்விட்டமும் 200 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட பம்பு இந்த வேலையை ஏறத்தாழ 115 தடவையில் முடித்துவிடும், அதுவும் கடைசி அடிக்குக்கூட 10 கிலோ விசைக்கு மேல் கேட்காமல். ஒல்லி டயருக்குச் சற்றும் ஒத்துவராத தடித்த பம்பு, பருத்த டயருக்கு இவ்வளவு இதமாக அமைவது அழுத்தம் குறைவாக இருப்பதால்தான்.

சாலைச் சைக்கிள்களிலேயே இப்போது 28, 30, 32 மில்லிமீட்டர் டயர்கள் இயல்பாகிவிட்டன. 23 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் அடித்து ஓட்டிய பழக்கம் மங்கிக்கொண்டு வருகிறது. டயரைப் பிடித்துக்கொள்ளும் விளிம்புக் கொக்கி இல்லாத புதிய ரிம்களுக்கு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ என்று உச்சவரம்பே வகுத்திருக்கிறார்கள். ஆகவே மிக உயர்ந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட மெல்லிய பம்பு இன்று பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. 28 முதல் 40 மில்லிமீட்டர் வரையுள்ள டயர்களுக்கு 18 முதல் 20 மில்லிமீட்டர் உள்விட்டம் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. நீளத்தைப் பொறுத்தவரை, எடுத்துச் செல்ல முடிந்த அளவுக்கு நீளமானதையே வாங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். விட்டம் கூடினால் காற்றும் கூடும், கைச்சுமையும் கூடும். நீளம் கூடினால் காற்று மட்டும்தான் கூடும். உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குட்டையான பம்பின் அழகில் மயங்குபவர்கள் இழப்பது இந்தச் சலுகையை.

பம்பை வாங்குபவரே எப்போதும் அதை அடிக்கப்போகிறவர் என்று சொல்ல முடியாது. ஒரே பம்பைக் குடும்பத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும்போது, அவர்களுள் கை வலு குறைந்தவருக்கு ஏற்ற விட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். கூடுதல் தடவை அடிப்பதைப் பொறுமையால் ஈடுகட்டிவிடலாம். தள்ளவே முடியாத தண்டை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

அடுத்துத் தலைப்பகுதி. பம்பின் தலை நேரடியாக வால்வில் பொருந்தும் வகை ஒன்று. இடையில் சிறிய ரப்பர்க் குழாய் உள்ள வகை மற்றொன்று. நேரடித் தலையில் ஒவ்வொரு அடியின் ஆட்டமும் வால்வுக்குப் போகிறது. பிரெஸ்டா எனப்படும் ஒல்லியான வால்வு வகையின் மெல்லிய ஊசி வளைவதும், டியூபோடு வால்வு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி கிழிவதும் இதனால்தான். புதிதாக மாற்றிய டியூப் காற்றடிக்கும்போதே அந்த இடத்தில் கிழிந்துவிட்டால், பையில் இன்னொரு டியூப் இல்லாதவர் நடக்க வேண்டியதுதான். குழாய் உள்ள பம்பில் கை எவ்வளவு ஆடினாலும் வால்வு அசையாமல் இருக்கும். ஆகவே, சில கிராம் எடை கூடினாலும் குழாய் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். திருகி மாட்டும் குழாயில் ஒரு சிக்கல் உண்டு. கழற்றும்போது பிரெஸ்டா வால்வின் உட்பகுதியும் சேர்ந்து திருகிக்கொண்டு வெளியே வந்து, பாடுபட்டு அடித்த காற்று முழுவதும் ஒரே நொடியில் போய்விடக்கூடும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அந்த உட்பகுதியை அதற்குரிய சிறு சாவியால் இறுக்கி வைத்தால் இது நேராது.

வால்வு வகைகள் மூன்று. கார்களில் உள்ள ஷ்ரேடர் வால்வு 1893-இல் காப்புரிமை பெற்றது. இன்றுவரை அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. பிரெஸ்டா அதைவிட ஒல்லியானது. நுனியிலுள்ள சிறு மரையைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். மூன்றாவது, பழைய வகைச் சைக்கிள்களில் காணப்படும் டன்லப் வால்வு. இதற்குப் பெரும்பாலும் பிரெஸ்டா தலையே பொருந்தும். பல பம்புகளின் தலையை ஷ்ரேடர், பிரெஸ்டா ஆகிய இரு வகைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதில் உள்ள சிறு ரப்பர் வளையத்தைத் திருப்பிப் போட வேண்டிய அமைப்பு என்றால், அதைச் சாலையோர மண்ணில் தவறவிடாமல் இருக்க வீட்டிலேயே தங்கள் வால்வுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்வது நலம்.

கரியமில வாயுக் குப்பியும், மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பும் இன்று போட்டிக்கு வந்திருக்கின்றன. 16 கிராம் குப்பி ஓர் ஒல்லி டயரைச் சில நொடிகளில் நிரப்பிவிடும்; ஆனால் அந்த வாயு பியூட்டைல் ரப்பர் வழியே காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால் மறுநாளே டயர் தளர்ந்திருக்கும், குப்பி தீர்ந்தால் வழியும் தீர்ந்தது. மின்பம்பு கை வலு இல்லாதவர்களுக்குப் பெரிய உதவி. இரண்டில் எதை வைத்திருந்தாலும், எத்தனை பஞ்சருக்கும் ஈடுகொடுக்கும் கைப்பம்பு ஒன்றும் உடன் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனிப் பயன்படுத்தும் முறை. புது டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, குத்திய முள்ளையோ கம்பித் துணுக்கையோ எடுத்துவிட வேண்டும். டியூப் வட்ட வடிவம் பெறும் அளவுக்குச் சிறிது காற்றடித்து உள்ளே வைத்தால் அது முறுக்கிக்கொள்ளாமலும், டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்காமலும் இருக்கும். பிரெஸ்டா வால்வாக இருந்தால், மரையைத் தளர்த்திய பின் நுனியை ஒருமுறை அழுத்தி ஒரு சீறலைக் கேட்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஊசி அப்போதுதான் விடுபடும். இதைச் செய்யாதவர்கள் முதல் சில அடிகளிலேயே தண்டு கல்லைப் போல நிற்பதைக் கண்டு, பம்பு பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

குழாய் இல்லாத பம்பில், வால்வைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் டயரின் மேலும், மற்ற விரல்கள் பம்பின் தலையைச் சுற்றியும் இருக்க வேண்டும். ஒரு ஸ்போக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் இன்னும் குறையும். குழாய் உள்ள பம்பில் உருளையின் அடியைத் தரையிலோ, தொடையிலோ, ஒரு கல்லின் மேலோ ஊன்றி உடல் எடையைக் கொண்டு அழுத்தலாம். தோளும் முதுகும் செய்ய வேண்டிய வேலையை முழங்கைக்குக் கொடுத்தால் பாதியிலேயே கை தளர்ந்துவிடும்.

தண்டை ஒவ்வொரு முறையும் முழுவதும் இழுத்து முழுவதும் தள்ள வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. டயரில் 6 பார் இருக்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 7 பார். உருளைக்குள் வந்த காற்று அந்த அளவை எட்டும் வரை வால்வு திறக்காது. காற்று சூடாகவில்லை என்று கொண்டால், ஏழில் ஆறு பங்கு தூரம் வெறும் சுருக்கும் வேலைக்கே போய்விடுகிறது. உண்மையில் காற்று சூடாவதால் வால்வு சற்று முன்னதாகத் திறக்கும் என்றாலும், காற்று டயருக்குள் நுழைவது கடைசிச் சில சென்டிமீட்டரில்தான். அந்த இடத்துக்கு வருமுன் தண்டைத் திருப்பி இழுப்பவர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரே காற்றைச் சுருக்கிச் சுருக்கி விரித்துக்கொண்டிருப்பாரே தவிர, டயரில் எதுவும் ஏறாது. மெதுவாக, கடைசி வரை, ஒரே சீராக அடிப்பதுதான் விரைவான வழி. உலோக உருளையின் வாய்ப்பகுதி இதற்குள் நன்றாகச் சூடேறியிருக்கும். சுருக்கப்பட்ட காற்றின் வெப்பம் அது, பம்பின் குறை அல்ல. அந்தப் பகுதியைத் தொடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாதி அழுத்தம் ஏறியதும் நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி டயர் இருபுறமும் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்; எங்காவது டியூப் பிதுங்கியிருந்தால் காற்றை விட்டுச் சரிசெய்ய இதுவே தருணம். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் முறை பருத்த டயரில் ஓரளவு கைகொடுக்கும். 4 பாருக்கு மேல் எல்லாமே விரலுக்கு ஒரே கெட்டியாகத்தான் தோன்றும் என்பதால், ஒல்லி டயர் வைத்திருப்பவர்களுக்குக் குழாயிலேயே சிறு அழுத்தமானி உள்ள பம்பு நல்ல முதலீடு. வீடு திரும்ப முழு அழுத்தம் வேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையில் மோதி டியூபில் இரட்டைத் துளை விழாத அளவு இருந்தால் போதும். தலையைக் கழற்றும்போது கேட்கும் சீறல் பெரும்பாலும் பம்பின் தலையிலும் குழாயிலும் தங்கிய காற்று வெளியேறும் ஒலியே. டயர் இறங்குகிறது என்று பதறி மறுபடி மாட்ட வேண்டாம்.

வாங்கிய பம்பை உறை பிரித்ததும் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் டயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, வீட்டிலேயே அந்தப் பம்பால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், கை எங்கே தளர்கிறது என்பதெல்லாம் மாற்றித்தரும் காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும். பின்பு அதைச் சைக்கிளின் சட்டத்தில் மாட்டிவைத்தால் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தூசும் தலைக்குள் போகும். மூடி இல்லாத பம்பைப் பையில் வைப்பதே மேல். சில மாதங்களுக்கு ஒருமுறை காற்று வரும் வாயை விரலால் அடைத்துத் தண்டைத் தள்ளிப் பாருங்கள். கையை விட்டதும் அது துள்ளித் திரும்ப வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் அடிவரை இறங்கினால் வாஷர் காய்ந்திருக்கிறது. உருளையைத் திறந்து பழைய அழுக்கைத் துடைத்து, சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆகாவிட்டால் அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.