24 மீட்டர் கீழே நிற்கும் இயந்திரம்: சிங்கப்பூர் நாட்குறிப்பு

ஏப்ரல் 17

சுரங்க ரயில் நிலையத்துக்குத் தோண்டும் குழி 24 மீட்டரைத் தொட்டுவிட்டது. அடித்தளக் கான்கிரீட்டுக்கு முன்னால், கீழே நிற்கும் 20 டன் எக்ஸ்கவேட்டரை, அதாவது மண் தோண்டும் இயந்திரத்தை, கிரேனால் மேலே எடுக்க வேண்டும். லிஃப்டிங் சூப்பர்வைசராகக் கையெழுத்துப் போடுவது நான்.

பகல் முழுவதும் கணக்கிலேயே போனது. கிரேனின் பெயரில் 150 டன் இருக்கிறது. குழியின் நடுவரை பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, நீட்டினால் சுமை அட்டவணை தருவது அதில் கால் பங்குகூட இல்லை. கொக்கியைக் கம்பியின் நான்கு இழைகள் தாங்குவதால், தரைமட்டத்திலிருந்து கொக்கி 24 மீட்டர் இறங்க 96 மீட்டர் கம்பி ஓடும். அதற்கு மேலும் கம்பி சுற்றியிருக்கும் டிரம்மில் சில சுற்றுகள் மிஞ்ச வேண்டும். கொக்கி, சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங், ஸ்லிங்குகளை விரித்துப் பிடிக்கும் சட்டம் எல்லாமே எடைதான். எல்லாவற்றையும் கூட்டினேன்.

ஏப்ரல் 19

தூக்க முடியவில்லை.

புதுக்கோட்டைத் தம்பி கீழே ஸ்லிங் மாட்டினான். பக்கெட்டை உள்ளே மடக்கி, மேற்பகுதி சுழலாமல் பூட்டி, இன்ஜினை அணைத்து, கூண்டில் ஆள் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் விலகினான். கிரேன் ஓட்டும் மன்னார்குடி அண்ணனுக்குக் குழியின் அடி தெரியாது. விளிம்பில் ஒரு சிக்னல்மேன், கீழே ஒருவர். அவர்கள் வாக்கி டாக்கியில் சொல்லும் வார்த்தைதான் அவருக்குக் கண்.

சுமைகாட்டி 22 டன்னைத் தாண்டியது, 24 டன்னையும் தாண்டியது. இயந்திரம் அசையவில்லை. இங்கே அடியில் இருப்பது கடற்களிமண். இரண்டு நாள் நின்ற இயந்திரத்தின் சங்கிலித் தடங்களை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் இழுத்தால் பிடி ஒரே நொடியில் விட்டுப்போகும், சுமை துள்ளும், பூம் பின்னால் அடிக்கும்.

"நிறுத்துங்கள் அண்ணே" என்றேன். அடுத்த நொடியே நிறுத்தினார். நாளைக்குக் கான்கிரீட் வண்டி சொல்லியாகிவிட்டது என்று மேலிருந்து போன் வந்தது. வண்டியைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

தவறு என் கணக்குத் தாளிலும் இருக்கிறது. சேற்றுக்கு நான் எடை போடவில்லை.

ஏப்ரல் 20

காலையிலேயே மின்னல் எச்சரிக்கை. கிரேன் வேலை நின்றது.

2004இல் இதே தேதியில்தான் நிக்கல் நெடுஞ்சாலையோரம் சர்க்கிள் ரயில் பாதைக்குத் தோண்டிய குழி இடிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குழியின் சுவர்களைத் தாங்கும் குறுக்கு உருக்குத் தூண்களும் அவற்றின் இணைப்புகளும் சுமை தாளாமல் மடங்கின. அன்று காலையிலேயே அங்கிருந்து சத்தம் கேட்டிருந்தது. தன் ஆட்களை வெளியேற்றிய ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

எங்கள் குழியிலும் அந்த மாதிரி குறுக்குத் தூண்கள்தான், ஸ்ட்ரட் என்போம்; இங்கே ஐந்து அடுக்கு. தொங்கும் இயந்திரம் ஆடிப்போய் அவற்றில் ஒன்றில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆட்டத்தைப் பிடிக்க இழுகயிறுகளை இரண்டிலிருந்து நான்காக்கினேன்.

ஏப்ரல் 21

விடியும் முன்பே தண்ணீர் பீய்ச்சித் தடங்களைக் கழுவினார்கள். பக்கெட்டின் மூலைகளில் இறுகிக் கிடந்ததைத் தம்பி கம்பியால் குத்தி எடுத்தான். பக்கத்தில் இருந்த 5 டன் இயந்திரம் தடங்களுக்கு அடியில் மண்ணைத் தளர்த்தியது.

அண்ணன் ஒரு கை உயரம் தூக்கி நிறுத்தினார். சப்பென்ற சத்தத்தோடு களிமண் விட்டது. காட்டி 22இல் நின்றது. ஐந்து நிமிடம் அப்படியே வைத்து ஸ்லிங்கையும் கிரேன் நிற்கும் இரும்புத் தகடுகளையும் பார்த்தோம்.

பிறகு மேலே. ஒவ்வொரு ஸ்ட்ரட் அடுக்கையும் தாண்டும்போது சிக்னல்மேன் எண்ணினார். நீளவாக்கில் போனால் மட்டுமே இடைவெளி போதும். மூன்றாவது அடுக்கில் பின்பக்கம் அரை மீட்டர் நெருங்கிவிட்டது. நிறுத்தச் சொன்னார், இழுகயிற்றால் திருப்பினார்கள். சேறு சொட்டிக்கொண்டே வந்தது. கீழே யாரையும் நிற்கவிடவில்லை.

விளிம்பைத் தாண்டி அது தரையைத் தொட்டபோது மணி 10:40. தம்பி படியேறி வந்து, சேறு காய்ந்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். "நாளைக்குச் சின்னது அண்ணே" என்றான். 5 டன்தான். அதற்கான தாளை இன்றிரவு எழுதுகிறேன், இந்த முறை சேற்றுக்கு ஒரு வரியோடு.