கேபிள் எரிவதில்லை, ஜாயின்ட்தான் எரிகிறது

கரண்ட் கடத்துவதில் வெள்ளிக்குத்தான் முதலிடம். அடுத்து செம்பு, அப்புறம் தங்கம், அதற்கும் பின்னால் அலுமினியம். செம்பை 100 என்று வைத்துக்கொண்டால் வெள்ளி சுமார் 105, கேபிளில் வரும் அலுமினியம் 61. 1913-ல் உலக அளவில் செம்பையே அளவுகோலாக வைத்து ஏற்படுத்திய கணக்கு இது. இன்றைக்கு வரும் நல்ல செம்புக் கம்பி 101கூடக் காட்டும். அன்றைய செம்பைவிட அவ்வளவு சுத்தம்.

61 தானே என்று அலுமினியத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரே பருமனும் நீளமும் உள்ள செம்போடு பார்த்தால் அதன் எடை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குறுக்குப் பரப்பை 1.6 மடங்கு ஆக்கினால் செம்புக்குச் சமமாகக் கடத்தும், எடையோ பாதிதான் வரும். டவர் லைனில் போவதெல்லாம் அதனால்தான் அலுமினியம். இழுவிசைக்காக நடுவில் எஃகுக் கம்பிகள் இருக்கும். டாக், பேந்தர், மூஸ் என்று விலங்குகளின் பெயரில்தான் லைன்காரர்கள் இந்த லைன் கம்பி வகைகளைச் சொல்வார்கள்.

நான் நூற்பாலையில் மின் பராமரிப்பு பார்க்கிறவன். புது கேபிள் வாங்கும்போதெல்லாம் காப்பரா அலுமினியமா என்று மணிக்கணக்கில் பேசுவோம். கேபிள் முனையில் மாட்டும் லக், வாஷர், லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கேபிள் நடுவில் எரிந்து நான் பார்த்தது அபூர்வம். எரிவதெல்லாம் முனையில், ஜாயின்ட்டில்.

இரண்டு உலோகப் பட்டைகளைச் சேர்த்து போல்ட் போட்டால் முழுப் பரப்பும் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றும். உண்மையில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மேடுகள் மட்டும்தான் தொடுகின்றன. மொத்தக் கரண்டும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கிப் புள்ளிகள் பெருகும். ஆகவே பட்டை எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு இறுக்கம் என்பதுதான் முக்கியம். அலுமினியத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சுரண்டிய உடனேயே காற்று பட்டு மேலே ஆக்ஸைடு படலம் வந்துவிடும். அந்தப் படலம் கரண்டைக் கடத்தாது.

எங்கள் மெயின் பேனலில் ஒரு ஃபீடரை, அதாவது கரண்ட் பிரிந்து போகும் ஒரு கிளை லைனை, சூடு காட்டும் தெர்மல் கேமராவில் பார்த்தபோது ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஆர், பி இரண்டும் 50 டிகிரி பக்கம் இருந்தன. ஒய் ஃபேஸ் மட்டும் 90-ஐத் தாண்டியிருந்தது. லோடு மூன்றிலும் ஒன்றுதான். ஷட்டவுன் எடுத்துக் கழற்றினோம். பேனலுக்குள் கரண்டைப் பங்கிடும் செம்புப் பட்டையான பஸ்பாரில் வெறும் அலுமினிய லக்கை நேராக வைத்து முறுக்கியிருந்தார்கள். லக்கின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. போல்ட் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் அமுங்கிப் பள்ளமாகியிருந்தது. சூடாகும்போது செம்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், போல்ட்டின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், ஆறும்போது பழைய இறுக்கம் திரும்பாது. இறுக்கம் குறைந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜாயின்ட்டில் 100 மைக்ரோ ஓம் தடை, ஓடுவது 400 ஆம்பியர் என்றால் 16 வாட். ஈயப்பற்று வைக்கும் ஒரு சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான். உள்ளங்கை அளவு இடத்தில் இந்த 16 வாட் இரவும் பகலும் காய்ந்துகொண்டிருந்தால் இன்சுலேஷன் எத்தனை நாள் தாங்கும்?

தடையே இல்லாத மீகடத்தியும் ஜாயின்ட்டில்தான் தோற்றது. ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற ஆய்வு மையம் நிலத்தடிச் சுரங்கத்தில் கட்டிய பெரிய துகள் மோதுவி (LHC) 2008 செப்டம்பர் 10-ல் ஓடத் தொடங்கியது. 19-ம் தேதி, சுமார் 8,700 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தபோது துகள்களை வளைத்து ஓட்டும் மீகடத்திக் காந்தங்களில் இரண்டை இணைக்கும் ஒரு ஜாயின்ட் கெட்டது. அதில் இருந்த தடை ஒரு ஓமில் 50 லட்சத்தில் ஒரு பங்கு அளவு என்று பிறகு மதிப்பிட்டார்கள். நம் கணக்கிலேயே போட்டால் சுமார் 15 வாட்தான் வருகிறது! ஆனால் அங்கே இருப்பதோ 1.9 கெல்வின், அதாவது மைனஸ் 271 டிகிரி குளிர். அந்தச் சூட்டில் மீகடத்தும் தன்மை போய், ஆர்க் அடித்து, குளிர்விக்கும் ஹீலியம் இருந்த உறை ஓட்டையானது. டன் கணக்கில் ஹீலியம் சீறி வெளியேறியதில் காந்தங்கள் இடத்தைவிட்டே நகர்ந்தன. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே எடுத்தார்கள். மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது. பின்னர் 2013, 14-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாயின்ட்டுகளைப் பலப்படுத்தினார்கள். எதை வைத்து என்கிறீர்கள்? செம்புப் பட்டைகளைப் பற்றவைத்துத்தான். இதைப் படித்ததிலிருந்து எங்கள் பையன்களிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் அந்த ஃபீடருக்கு ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம் உள்ள பைமெட்டாலிக் லக் போட்டோம். பரப்பை பிரஷ்ஷால் தேய்த்து, உடனே காற்று படாமல் காக்கும் ஜாயின்டிங் காம்பவுண்டு பசையைத் தடவி, ஸ்பிரிங் மாதிரி அழுத்தம் தரும் டிஸ்க் வாஷர் வைத்து, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். மூன்று ஃபேஸும் இப்போது ஒரே சூட்டில் ஓடுகின்றன. ஷட்டவுன் கிடைக்கும்போதெல்லாம் அலுமினிய ஜாயின்ட்டில் இருக்கும் போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று என்று இறுக்குவது பல ஆலைகளில் வழக்கம். அது கெடுதல். அளவுக்கு மேல் இறுக்கினால் அலுமினியம் மேலும் நசுங்கத்தான் செய்யும்.

அப்புறம் வெள்ளி. நம் பேனலில் அது இருப்பது மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் கான்டாக்டரின் தொடுமுனையில், அதாவது டிப்பில், வேறு பொருள் கலந்த வெள்ளியாக. ஆர்க் பட்டு டிப் கறுத்ததும் அரத்தை எடுத்து ராவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கறுப்பால் பெரிதாகத் தடை ஒன்றும் வராது. ராவும்போது போவது வெள்ளிதான். வெள்ளி தேய்ந்து அடியில் இருக்கும் செம்பு தெரிய ஆரம்பித்தால் மட்டும் செட்டாக மாற்றுங்கள்.