எட்டடி ட்ரெயிலருக்குள் ஒரு படுக்கையறை

சாமான் ஏற்றும் பழைய ட்ரெயிலர் ஒன்றை 900 டொலருக்கு வாங்கி, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதில் எங்கே படுப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐந்தடி அகலம், எட்டடி நீளம், ஒரே அச்சு, இரண்டு சக்கரம். முன்பு வைத்திருந்தவர் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றித் திரிந்திருக்கிறார். தளப்பலகையில் எண்ணெய் ஊறிப்போயிருந்தது. ஆனால் முந்தைய கோடையில் மூன்று இரவு கூடாரத்துக்குள் மழைத் தண்ணீரில் கிடந்த பிறகு, இனி நிலத்தில் படுக்க மாட்டேன் என்று சொன்னவரும் மனைவிதான். கடையில் விற்கும் முகாம் வண்டிகளின் விலையைப் போய்ப் பார்த்தோம். பார்த்ததோடு சரி.

எங்கள் தெருவில் ஓர் அண்ணை இருக்கிறார். ஊரில் தச்சர், இங்கே முப்பது வருடமாகச் சமையலறை அலுமாரி செய்கிறவர். வந்து பார்த்துவிட்டு, "முக்கால் அங்குல பிளைவுட் போடு தம்பி, உன் பேரப்பிள்ளை காலத்துக்கும் அசையாது" என்றார். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாலடி உயரச் சுவர்களும் கூரையுமாக 144 சதுர அடி வருகிறது. முக்கால் அங்குலத்தில் போட்டால் பலகை மட்டுமே முந்நூறு இறாத்தலைத் தாண்டும். எங்கள் கார் இழுக்கக்கூடியது மொத்தம் 1,500 இறாத்தல் என்று கையேட்டில் இருக்கிறது. வெறும் ட்ரெயிலரே 540. அதற்குமேல் சட்டம், கதவு, மெத்தை, தண்ணீர், பற்றரி, சட்டி பானை எல்லாம் இருக்கின்றன. அண்ணையிடம் இதைச் சொன்னபோது, அவருடைய தொழிலையே நான் அவமதித்ததுபோல முகம் மாறியது.

ஆகவே மெல்லிய கட்டுமானத்துக்குப் போனேன். ஒன்றரை அங்குலச் சட்டங்கள், அவற்றுக்கு இடையில் அதே தடிப்பில் வீட்டுச் சுவருக்குப் போடும் இளஞ்சிவப்பு ஃபோம் பலகை, வெளியே கால் அங்குல பிளைவுட், உள்ளே அதிலும் பாதித் தடிப்பு. வெளிப்புறம் முழுவதும் கன்வஸ் துணியை நீர்புகாத மரப்பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்ததும் வீட்டு வெளிச்சுவர்ப் பெயிண்ட் மூன்று பூச்சு. அமெரிக்காவில் இப்படிச் செய்கிறவர்கள் இதை 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்கிறார்கள். காய்ந்த துணியைத் தட்டினால் மேளத் தோல்போல விறைப்பாக ஒலிக்கும்.

ஃபோமை ஒட்டப் போய்த்தான் முதல் அடி வாங்கினேன். கராஜில் கிடந்த கரைப்பான் கலந்த பசையைத் தாராளமாகப் பூசி, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஃபோம் பலகை பனிக்கட்டிபோல உருகிக் குழிவிழுந்திருந்தது. இந்த ஃபோம் செய்யப்படும் பொலிஸ்டைரீனை அந்தப் பசை தின்றுவிடும் என்பது டப்பாவிலேயே எழுதியிருந்தது. ஃபோமுக்கென்று விற்கும் பசைக்கு மாறினேன்.

விளக்கு வேலை இலகுவானது. நாலே வயர்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஆனால் இடது சிக்னலைப் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டின. இரண்டு மாலைகள் வயரைக் குடைந்த பிறகு தெரிந்தது, வெள்ளை வயரைப் பெயிண்டின் மேலேயே திருகியிருக்கிறேன். இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு இறுக்கியதும் சரியாயிற்று.

மே மாதம் தொடங்கி, மழை வரும்போதெல்லாம் தறப்பாளால் மூடி, ஜூலை கடைசியில் புறப்பட்டோம். சிம்கோ ஏரிக்கரையில் இருக்கும் சிபால்ட் பொயின்ற் பூங்காவுக்கு, கிட்டத்தில் இருப்பதால். நெடுஞ்சாலை 404இல் வேகம் தொண்ணூறு கிலோமீற்றரைத் தொட்டதும் பின்னால் யாரோ காரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுவதுபோல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெயிலர் நாய் வாலாட்டுவதுபோல ஆடுகிறது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதித்தால் மோசமாகும் என்று படித்திருந்தேன். வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். எழுபதில் அடங்கியது. மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி, மீதித் தூரத்தைச் சிறிய வீதிகளால் மாட்டுவண்டி வேகத்தில் போனோம்.

காரணம் என் கெட்டித்தனம்தான். பின்கதவைத் தூக்கினால் சமையலறை என்று திட்டமிட்டு, இருபது லிட்டர் தண்ணீர், பற்றரி, தகரடப்பா உணவு எல்லாவற்றையும் அச்சுக்குப் பின்னால் அடுக்கியிருந்தேன். முன்பக்கம் வெறும் மெத்தை. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெயிலர் ஊஞ்சலாகிவிடும். வீடு திரும்பியதும் எல்லாச் சாமானோடும் எடைமேடையில் ஏற்றினேன்: 1,310 இறாத்தல். பிறகு குளியலறைத் தராசைக் கொக்கி உயரத்துக்குக் கட்டைகளின் மேல் வைத்து, ட்ரெயிலரின் மூக்கை அதில் இறக்கினேன்: 70. ஐந்து சதவீதம்! முன்னால் ஒரு பெட்டி அடித்துத் தண்ணீரையும் பற்றரியையும் டப்பாக்களையும் அங்கே மாற்றினேன். மாற்றியது 85 இறாத்தல்தான். தராசு 155 காட்டியது. அதன் பிறகு நூறிலும் அசையவில்லை.

இன்னொரு பாடம் அதே பூங்காவில், முதல் விடியற்காலையில். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தேன். கூரை ஒழுகுகிறது என்று நெஞ்சு இறங்கிவிட்டது. வெளியே வந்தால் வானத்தில் மேகமே இல்லை. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் நீர் அரை லிட்டருக்கு மேல். அது போக வழியில்லாமல் கூரைத் திருகாணித் தலைகளிலும் ஜன்னல் சட்டத்திலும் குளிர்ந்து சொட்டியிருக்கிறது. மெத்தையைப் புரட்டினால் அடிப்புறம் முழுக்க ஈரம். கன்வஸ், பசை, மூன்று பூச்சு என்று வெளித் தண்ணீருக்கு அணை கட்டியவன், உள்ளே ஊறும் தண்ணீரை யோசிக்கவேயில்லை.

அருமையாகப் பூசிய கூரையில் பதினான்கு அங்குலச் சதுரமாக ஓட்டை போட்டபோது கை நடுங்கியதை ஒத்துக்கொள்கிறேன். அதில் சிறிய மின்விசிறி, சுற்றிலும் நீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் நாடா. காற்று உள்ளே வர, கதவின் அடியில் வலை போட்ட ஒரு திறப்பு. மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்டுச் சட்டங்கள். விசிறி வேகம் குறைவாக இரவெல்லாம் ஓடினாலும் பற்றரிக்கு அது ஒரு பொருட்டில்லை. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியையும் அன்றே மாட்டினேன். எவ்வளவு குளிரானாலும் காஸ் அடுப்பை உள்ளே கொண்டுவருவதில்லை.

ஒக்டோபரில் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போனோம், நெடுஞ்சாலை 60இல் மின்சார வசதியுள்ள மியூ லேக் முகாமுக்கு. மேப்பிள் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. தமராக் என்னும் ஊசியிலை மரங்கள் மட்டும் மஞ்சளாக நின்றன. கரடிகள் உள்ள இடம் என்பதால் உணவெல்லாம் இரவில் காருக்குள் போய்விட வேண்டும். மீன் குழம்புச் சட்டியைக் கடைசித் துளிவரை வழித்துக் கழுவி, பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில் மழை பிடித்தது. கையை உயர்த்திக் கூரையைத் தடவினேன். காய்ந்திருந்தது. "ஒழுகுகிறதா?" என்றார் மனைவி இருட்டுக்குள். இல்லை என்றேன். "அப்படியென்றால் தடவாமல் படுங்கள்."

திரும்பிவந்த அடுத்த நாள் அண்ணை வந்தார். சுவரை விரலால் இரண்டு முறை சுண்டி, "இது வீடில்லைத் தம்பி, பிஸ்கட் பெட்டி" என்றார். உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியவர், வருகிற மே மாத விக்டோரியா தின வார இறுதிக்கு இதைத் தர முடியுமா என்று கேட்டார். தருகிறேன் என்று சொல்லி, குளியலறைத் தராசையும் கூடவே எடுத்துவைத்திருக்கிறேன்.